வாதி மூசாவுக்கு நாற்பத்திரண்டு பேர்

அம்மான்
12 பிப்ரவரி 1986

அன்புள்ள ஹனாதி அக்காவுக்கு,

உங்கள் அத்தை மகள் ஜுமானா எழுதுவது. நீங்களும் மாமாவும் அத்தையும் உங்கள் தம்பி கலஃபும் உடல்நலத்தோடு இருக்கிறீர்களா? இந்தக் குளிருக்கு மாமாவின் முழங்கால் வலிக்குமே என்று அம்மா நேற்று ரொட்டி சுடும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இங்கே அனைவரும் நலம். அப்பா நலம் என்பது அடுப்படி வரை கேட்கும் குறட்டையிலேயே தெரிகிறது.

ஆமாம், அடுப்படியில்தான் இருக்கிறேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். குறட்டை நிற்கும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறியிருந்தால் அது குறட்டையின் தவறு. உங்களுக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டுத் துக்கத்தின்போது கலஃப் காப்பியை வலப்பக்கத்திலிருந்து ஊற்றாமல் இடப்பக்கத்திலிருந்து தொடங்கியதும், அப்பாவுக்கு முன்னால் வேறு யாருக்கோ கிண்ணம் போனதும், "இனிமே இந்த வீட்டுக் காப்பி என் தொண்டையில எறங்காது" என்று அப்பா சத்தியம் செய்துவிட்டு எழுந்து வந்ததும் உங்களுக்கே தெரியும். மூன்று வருடமாகிறது. அம்மா இன்னும் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன வாரம் நாயிஃப் அண்ணன் துணிந்து வாய் திறந்தார்.

"மாமா பொண்ணைக் கட்டிக்கிறேன்ப்பா."

"எந்த மாமா? எனக்கு மச்சானே கிடையாது."

"அப்போ அம்மா எங்கேருந்து வந்தாங்க?"

அப்பா செருப்பைக் கையில் எடுத்தார். எறியவில்லை. இடது கையில் அதை வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அண்ணன் உங்களுக்கு எழுதமாட்டார். பெரியவர்கள் பேசாமல் பெண்ணுக்குக் கடிதம் போடுவது முறையில்லையாம். முறை அவருக்கு, பயம் எனக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்காமல் மாமா எப்படிக் கொடுப்பார்? அப்பா உங்கள் வாசலுக்கு வராமல் மாப்பிள்ளை வீட்டார் எப்படி வருவார்கள்? இதைத்தான் கணக்கு வகுப்பில்கூட யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வரலாற்று ஆசிரியை ஃபத்வா மிஸ், ஏப்ரலில் எங்கள் வகுப்பைப் பெட்ராவுக்கு அழைத்துப் போவதாகவும் நல்ல பஸ் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அப்பாவிடம் இரண்டு பஸ் இருக்கிறது. பெட்ராவின் வாசலில் உங்கள் வீடு இருக்கிறது.

பதிலைப் பள்ளி முகவரிக்குப் போடுங்கள். வாட்ச்மேன் எனக்குத் தருவார்.

பயத்துடனும் பாசத்துடனும்,
ஜுமானா

*

வாதி மூசா
22 பிப்ரவரி

அன்புத் தங்கை ஜுமானாவுக்கு,

கடிதம் வந்தது. பாதி வரிகள்தான் படிக்க முடிந்தது. மாமா ஆரோக்கியமாகக் குறட்டை விடட்டும், ஆனால் விடாமல் விடட்டும். நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் வலிக்கிறது என்று அத்தையிடம் சொல். வெந்நீர்ப்பை வைத்துக்கொள்கிறார் என்றும் சொல், இல்லாவிட்டால் கவலைப்படுவார்.

இங்கே ஒரு செய்தி. அகபாவிலிருந்து ஒரு குடும்பம் ஆள் அனுப்பியிருக்கிறது. பையனுக்குத் துறைமுகத்தில் வேலை. நல்ல மனிதர்கள் என்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்வதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ ஒன்றும் செய்யாதே. பள்ளிக்குப் போ, படி, தூங்கு.

வீட்டில் எல்லோரும் நலமா? எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

அன்புடன்,
ஹனாதி

பி.கு. பஸ்ஸில் எத்தனை பேர் வருவீர்கள்? சும்மாதான் கேட்டேன்.

*

அம்மான்
1 மார்ச்

பாசமுள்ள அக்காவுக்கு,

இறைவன் அருளால் எல்லோரும் நலம். எல்லோரிலும் ஒருவர் மட்டும் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அகபா என்ற ஊரின் பெயரை நான் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. நேற்று அவர் பழுது பார்த்த வண்டி முன்னால் போகாமல் பின்னால் மட்டும் போயிற்று.

ஃபத்வா மிஸ்ஸை அப்பாவின் பணிமனைக்கு அழைத்துப் போனேன். வந்ததும் வராததுமாக இருவருக்கும் சண்டை.

"ராஜபாதை வழியாப் போலாங்க. கரக் கோட்டையையும் பாத்துடலாம்" என்றார் மிஸ்.

"டீச்சரம்மா, முஜிப் பள்ளத்தாக்குல எத்தனை திருப்பம் தெரியுமா? திருப்பத்துக்கு ஒரு பொண்ணு வாந்தி எடுக்கும். கோட்டை எங்கேயும் ஓடிப் போகாது. என் சீட்டு போயிடும்."

"அது வரலாறுங்க!"

"என் சீட்டுக்கும் வரலாறு இருக்கு. போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்க எழுதினது. எத்தனை தடவை கழுவியும் நாத்தம் போகலை."

கடைசியில் அப்பாவே வென்றார். பாலைவன நெடுஞ்சாலை வழியாகப் போகிறோம். கத்ரானாவில் தேநீர், பிறகு நேராக வாதி மூசா. ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை. மாணவிகளும் பெரியவர்களுமாக நாற்பத்திரண்டு பேர். "எம்பொண்ணு வகுப்பு, பெரிய பஸ்ஸையே தரேன்" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே, "ரித்வான் ஓட்டுவான்" என்றார். ரித்வான் அவரிடம் வேலை செய்யும் டிரைவர். அந்த ஒரு சொல்லில் என் திட்டம் பஞ்சர்.

உங்கள்,
ஜுமானா

*

வாதி மூசா
10 மார்ச்

என் அருமைத் தங்கைக்கு,

நலமாக இரு, முதலில் நன்றாகத் தூங்கு. சாப்பிடாதவரிடம் சாப்பிடச் சொல். யார் சொன்னதாகவும் சொல்ல வேண்டாம்.

நேற்று அப்பா ஆட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னேன்: "அம்மான்லேருந்து ஒரு பள்ளிக்கூடம் வருதாம்ப்பா. நாப்பத்திரண்டு பேர். ரொட்டியும் தக்காளியும் கட்டிட்டு வந்து கல்லு மேல உக்காந்து சாப்பிடுவாங்களாம், பாவம்."

அப்பா தீனிக்கூடையைக் கீழே போட்டார். "யார் ஊர்ல? என் ஊர்லயா? கல்லு மேலயா?"

அதற்குமேல் நான் பேசத் தேவையே இல்லாமல் போயிற்று. ஆட்டைப் பார்த்தார், ஆடு அவரைப் பார்த்தது. அது மறுபடி தீனியைத் தொடவில்லை. மன்சஃப் கறிச்சோற்றுக்குத் தெருவிலுள்ள பெரிய தட்டுகளையெல்லாம் இப்போதே கேட்டு வைத்துவிட்டார். உன் மிஸ்ஸுக்கு முறையாக அழைப்பு வரும். பஸ்ஸை யார் ஓட்டி வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

ஆனால் ரித்வான் வந்து என்ன பயன்? ரித்வானுக்கு எங்கள் வீட்டில் மச்சான் யாரும் இல்லையே.

ஹனாதி

*

அம்மான்
18 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம், என்னைத் தவிர. நான் பொய் சொல்லிவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னேன்: "தலைமையாசிரியை ஒரு விதி போட்டிருக்காங்கப்பா. பொண்ணுங்க போற பஸ்ஸை வயசுப் பையன் ஓட்டக் கூடாதாம். யாராவது ஒரு பொண்ணோட அப்பாதான் ஓட்டணுமாம்."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். நான் மூச்சையே நிறுத்தினேன்.

"நல்ல விதி" என்றார். "ரித்வானுக்குக் கண்ணாடியில மீசை பாக்கத்தான் நேரம் இருக்கு. நானே ஓட்டுறேன். ஆனா வாதி மூசால நான் வண்டியை விட்டு எறங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அப்படி ஒரு விதியே கிடையாது. தலைமையாசிரியைக்கு இது தெரிந்தால் என் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவார். அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்குப் போகவே தேவையிருக்காது. இருவரும் சந்திக்காமல் இருக்க வேண்டும். பள்ளிக்கும் பணிமனைக்கும் நடுவில் இரண்டு தெருதான்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஜுமானா

*

அம்மான்
2 ஏப்ரல்

அக்கா,

சுகமா? ஒரு பதிலும் இல்லை. வாட்ச்மேன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டுகிறார். கோபமா? என் கடிதம் யார் கையிலாவது சிக்கிவிட்டதா? அகபாக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஏப்ரல் கடைசி வரை தவணை என்றுதானே எழுதினீர்கள்? ஒரு வரி போதும்.

ஜுமானா

*

வாதி மூசா
8 ஏப்ரல்

ஜுமானா,

நலமா? நான் நலம்.

அகபாவிலிருந்து பெண்கள் வந்து இரண்டு நாள் தங்கிப் போனார்கள். என் பல்லைப் பார்த்தார்கள், தலைமுடியைப் பார்த்தார்கள், நான் போட்ட தேநீரைக் குடித்தார்கள். தேநீரில் உப்புப் போடலாமா என்று யோசித்தேன். பிறகு சர்க்கரையே போட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டம். எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை. அப்பா என்னிடம், "உன் மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டார். வராத ஒருவரை மனதில் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

பஸ் வருகிறதுதானே?

ஹனாதி

*

அம்மான்
15 ஏப்ரல்

அக்காவுக்கு, அவசரமாக,

எல்லோரும் நலம். பஸ் வருகிறது. அப்பா என்ஜினைப் பிரித்துப் பூட்டிவிட்டார், சக்கரங்களைக் கழுவிவிட்டார். துணைக்கு ஒரு தாயும் வர வேண்டும் என்று ஃபத்வா மிஸ் கேட்டதால் அம்மாவும் வருகிறார். இந்த விதி நிஜம், சத்தியமாக நான் சொல்லவில்லை. இன்று மாலையிலிருந்து அம்மா பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். "போறது பள்ளிக்கூடத்துக்காக" என்று யாரும் கேட்காமலேயே மூன்று முறை சொல்லிவிட்டார். சாப்பாடு உங்கள் வீட்டில் என்பது அம்மாவுக்குத் தெரியும். "பிள்ளைங்களுக்கு ஊர்ல ஒருத்தர் சோறு போடுறாராம்" என்று மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வரமாட்டேனென்கிறது.

ஜுமானா

*

வாதி மூசா
19 ஏப்ரல்

என் கண்ணே ஜுமானா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? என்ன நடந்ததென்று எனக்கு எழுது! நான் அடுப்படியில் சோற்றுத் தட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். கலஃபைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறான். நேற்றைய கதையில் அவன்தான் கதாநாயகன். ஆண்கள் கூடத்துக் கதவிடுக்கில் நின்றது நீதானே? ஒன்றையும் விடாமல் எழுது.

ஹனாதி

*

அம்மான்
22 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். எல்லோரும் நலம், எல்லோரும்!

புறப்படும்போதே என் உயிர் போய்விட்டது. அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஃபத்வா மிஸ்ஸிடம், "உங்க தலைமையாசிரியை சொன்ன மாதிரி, ஒரு அப்பனே ஓட்டுறேன்" என்றார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "ஆமாங்க, ரொம்ப நல்ல விதி" என்று சொல்லி மிஸ் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொர்க்கத்தில் கோட்டையோடு ஓர் இடம் கிடைக்கட்டும்.

பெட்ராவில் எல்லோரும் கணவாய் வழியாக நடந்து, பாறையில் குடைந்த கஜானாவைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஒரு தூண்கூட நினைவில்லை.

உங்கள் வாசலில் பஸ் திரும்பியபோது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கழுத்து சிவந்தது. ஒவ்வொரு பெண் இறங்கும்போதும் மாமா "வாம்மா, வாம்மா" என்றார். அம்மா இறங்கியதும் அம்மாவின் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான். பிறகு டிரைவரைக் கூப்பிட அந்தப் பக்கம் போனார். இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எறங்கு மச்சான்."

"வண்டிக்குக் காவல் வேணும்."

"என் ஊர்ல உன் வண்டியை எவன் தொடுவான்? எறங்கு. டிரைவரைப் பட்டினி போட்டான்னு என் பேர் கெடணுமா?"

அப்பா சாவியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டு ஹாஜி தகீலும் இன்னும் நாலைந்து பெரியவர்களும் இருந்தார்கள். கலஃப் காப்பிக் கெண்டியோடு வந்தான். இந்த முறை வலப்பக்கம். முதல் கிண்ணம் அப்பாவுக்கு.

அப்பா வாங்கினார். குடிக்காமல் தரையில் வைத்தார்.

அக்கா, அவர் சத்தியத்துக்காகத்தான் வைத்தார், என்மேல் ஆணை. ஆனால் கூடத்திலிருந்த எல்லோரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஹாஜி தகீல் பக்கத்திலிருந்தவரின் காதில், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "கிண்ணத்தைக் கீழ வச்சிட்டான்யா. ஏதோ கேக்க வந்திருக்கான். கொடுக்கறேன்னு சொல்ற வரைக்கும் குடிக்க மாட்டான்."

மாமா மார்பில் கை வைத்தார். "குடி மச்சான். நீ கேக்க வந்தது கிடைச்சாச்சு."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் எதையும் கேட்க வரவில்லை. 'உன் காப்பியைக் குடிக்கக் கூடாதென்று சத்தியம் செய்தவன் நான்' என்று அத்தனை பெரியவர்கள் முன்னால், தனக்கே சோறு வேகும் வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? அவர் கிண்ணம் வாய்க்குப் போகாமல் சோற்றுத் தட்டு வெளியே வராது. என் பின்னால் நின்ற வகுப்புத் தோழி மைஸ் முதுகில் குத்தினாள்: "ஏய், உங்கப்பாவைச் சீக்கிரம் எதையாவது கேக்கச் சொல்லுடி. வயிறு ஒட்டிப்போச்சு."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்."

"தண்ணியா?" என்றார் மாமா. "தண்ணிக்காக எவனாவது என் காப்பியைத் தரையில வைப்பானா? கூச்சப்படாமக் கேளு."

"டயருக்குக் காத்தும் வேணும்."

"காத்து வெளிய சும்மா அடிக்குது" என்றார் ஹாஜி. "பெருசாக் கேளுப்பா."

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா. உங்கள் அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒரு சிரிப்பு, மூச்சு வாங்கும் சிரிப்பு, அதை நான் மறந்தே போயிருந்தேன். அப்பாவும் மறந்திருந்தார் போல. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைப் பையில் போட்டார்.

"ஹனாதியை எங்க நாயிஃபுக்குக் கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

கலஃப் கெண்டியைக் கீழே போட்டான். அதை அவன் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டான்.

"பொண்ணு கேக்க ஒத்தையிலயா வருவாங்க?" என்று ஹாஜி அதட்டினார்.

"ஒத்தையிலயா? நாப்பத்திரண்டு பேரோட வந்திருக்கேன்."

முதலில் சிரித்தது மாமாதான். ஹாஜி முண்டாசு அவிழும்வரை சிரித்தார். மாமா எழுந்து, "எம்பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று அடுப்படிக்கு வந்தார். அங்கே நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றார். "குடி மச்சான்" என்றார். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கிண்ணத்தை நீட்டினார்.

சத்தியத்தை முறித்ததற்காக மறுநாள் பணிமனையில் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டார். சாப்பிட்ட பதினோராவது ஆள் நாயிஃப் அண்ணன். சட்டியையே வழித்துவிட்டார்.

அகபாக்காரர்களிடம் மாமா என்ன சொன்னார்?

ஜுமானா

*

வாதி மூசா
25 ஏப்ரல்

அன்பு ஜுமானாவுக்கு,

அனைவரும் நலம். அப்பா அகபாவுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு ஆட்டையும் கொடுத்துவிட்டு வந்தார். தீனி தின்னாமல் இளைத்து விருந்துக்குத் தப்பியதே, அதேதான். அங்கே நன்றாகத் தின்கிறதாம்.

அடுப்படியில் என்ன சொன்னேன் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. "பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கலாமா?" என்று அப்பா கேட்டார். கையிலிருந்த கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன்.

ஆனால் பள்ளிப் பெண்களை வைத்துக் கேட்டது செல்லாது என்று ஹாஜி தகீல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரமலானுக்கு முன்னால் மீசையுள்ளவர்கள் முறைப்படி வந்து கேட்க வேண்டுமாம். மே இரண்டு, வெள்ளிக்கிழமை. மாமாவிடம் சொல்லிவிடு. எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது.

உன் ஹனாதி

*

அம்மான்
28 ஏப்ரல்

அன்புள்ள ஹனாதி மதினிக்கு,

இப்படி எழுதலாம்தானே? எழுதிவிட்டேன். உங்கள் சுகம் நாடுகிறேன்.

இதுவரை எழுதியிருந்தபோது குறட்டை நின்றது. டார்ச்சை அணைத்தேன். அடுப்படி விளக்கு எரிந்தது. அப்பா வாசலில் நின்றார்.

"இன்னிக்கு உங்க தலைமையாசிரியையைக் கடைத்தெருவுல பாத்தேன்" என்றார். "அப்படி ஒரு விதியே கிடையாதாமே."

கடிதத்தைப் பின்னால் மறைத்தேன். மறைப்பதையும் அவர் பார்த்துவிட்டார்.

"யாருக்கு எழுதுறே?"

"ஹனாதிக்கு" என்றேன்.

அப்பா அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "எழுது" என்றார்.

"என்னப்பா?"

"வெள்ளிக்கிழமை மூணு பஸ்ஸுன்னு எழுது. ரெண்டு நம்மது, ஒண்ணு வாடகைக்கு. பெரியவங்க நூறு பேரு. கத்ரானால டீ, நேரா வாதி மூசா. ரித்வானையும் கூட்டிட்டு வரேன், அவன் மீசையும் கணக்குல சேரட்டும். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்ப்பா."

"உங்க மாமனுக்குச் சொல்லு: காப்பியில ஏலக்காய் கம்மி. மூணு வருஷம் கழிச்சுக் குடிக்கிறவனுக்கு இப்படியா போடுவாங்க? இந்தத் தடவை கை நிறையப் போடச் சொல்லு."

அதையும் எழுதிவிட்டேன், மதினி. அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்று சொன்னார். மாமாவுக்கு இல்லை, உங்களுக்கு. நான் எழுதக் குனிந்ததும், "அதை எழுதாதே, நானே நேர்ல சொல்லிக்கிறேன்" என்றார். அதனால் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்துவிட்டார்.

உங்கள் நாத்தனார்,
ஜுமானா